நார்த்தாமலையிலிருந்து சித்தன்னவாசல்: ஒரு பகல் பாறை நடை

புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரிய மலைத்தொடர் எதுவும் கிடையாது. ஆனால் வெறும் பாறைமேல் கால் பதித்து நடக்க ஆசைப்படுகிறவருக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை. செம்மண் பொட்டலுக்கும் கண்மாய்களுக்கும் நடுவில் திடீர் திடீரென்று மொட்டைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. உயரம் சில பத்து மீட்டர்கள்தான். மூச்சு வாங்கும் ஏற்றம் குறைவு. ஆனாலும் கால், கண், தோல் மூன்றையும் இந்தப் பாறை சோதிக்கும். அதற்குத் தக்க ஆயத்தத்தோடு போகிறவருக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு ஒரே பகலில் காலடியில் கிடக்கும்.

இந்த அத்தியாயம் சொல்லும் நடை நார்த்தாமலையில் விடியலில் தொடங்கி, சித்தன்னவாசலில் பிற்பகலில் முடிகிறது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். ஊர்ப் பாதைகளும் கண்மாய்க் கரைகளும் வளைந்து போவதால் நடக்கும் தூரம் பத்தைத் தாண்டும். அதோடு இரண்டு இடத்திலும் பாறை ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிநெடுகக் குறி போட்ட பாதை இது அல்ல. கோயிலுக்குப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள்தான் பாதை.

நெடுந்தூர நடை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே போகிறார்கள். உறையூரைக் கடந்தபின் அவர்களுக்கு வழி சொல்பவர், கொடும்பைக் குளத்தருகே பாதை மூன்றாகப் பிரிவதை விளக்குகிறார். அந்தக் கொடும்பை இன்றைய கொடும்பாளூர். நம் நடைக்கு மேற்கே, விராலிமலைக்குத் தெற்கே, திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சோழ நாட்டையும் பாண்டிய நாட்டையும் இணைத்த வழிகள் இந்தப் பகுதியைத் தொட்டுத்தான் போயின. வணிகரும் துறவியரும் படைகளும் நடந்த நிலம் என்பதால்தான் இத்தனை சிறிய குன்றுகளில் இத்தனை கல்வெட்டுகள்.

எப்போது போவது

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுவரை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், சுனைகள் நிறைந்திருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும். மார்ச் பிறந்ததும் பாறை சூடேறத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் முழு நடையை நினைத்தும் பார்க்க வேண்டாம். காற்றின் வெப்பம் 38, 39 டிகிரி என்று செய்தியில் சொல்லும் நாளில் வெறும் பாறையின் வெப்பம் அதைவிட மிக அதிகமாக இருக்கும். நிழலற்ற பாறை மேலிருந்து வரும் வெயிலை வாங்கி, கீழிருந்தும் உங்கள்மேல் திருப்பி அடிக்கும். தொப்பி தலையைக் காக்கும். முகத்தின் கீழ்ப்பகுதியையும் முழங்காலையும் காக்காது.

அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் சிக்கல் வேறு. ஈரப் பாறை வழுக்கும். அதோடு இடி. மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்கும் ஒரு மனிதர்தான் அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருளாக இருப்பார். நார்த்தாமலைக் குன்றுகளில் ஒன்றான மேலமலையின் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்று, சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தழிய, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்ற செய்தியைத் தருகிறது. கருங்கல்லில் கட்டியதையே புயல்மழை சிதைத்த இடம் அது. தொலைவில் முழக்கம் கேட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், இறங்கிவிடுங்கள். கோடையில் மாலை நேரத்து இடிமழைக்கும் இதே விதி.

பங்குனி மாதம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரம் முழுக்கக் காவடியும் பால்குடமுமாகத் திரளும். திருவிழாவைப் பார்க்க வேண்டியதுதான், அதற்கென்றே தனியாக ஒரு நாள் வாருங்கள். மலை நடைக்கு அந்த நாட்கள் ஏற்றவை அல்ல.

கையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர். ஆளுக்கு நான்கு லிட்டர். பாரமாக இருக்கிறதே என்று குறைக்க வேண்டாம். வழியில் தேநீர்க் கடை உண்டு, ஊர்க் குழாய் உண்டு. ஆனால் நீங்கள் போகும் நேரத்தில் கடை திறந்திருக்கும், குழாயில் தண்ணீர் வரும் என்பதற்கு உறுதி இல்லை. பாறைமேல் உள்ள சுனை நீரைக் குடிக்க வேண்டாம், அது தேங்கிய மழைநீர். ஒரு புட்டியில் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மோர். தலைவலியும் குமட்டலும் வந்தபின் குடிப்பதைவிட, அரை மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு குடித்துக்கொண்டே போவது நல்லது.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. புளிசோறு, எலுமிச்சைச் சோறு இரண்டும் மதியம்வரை கெடாது. இடையில் கடிக்கக் கடலை மிட்டாய்.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரப்பர் அடிப்பாகம் மென்மையாக இருக்கும் சாதாரண கேன்வாஸ் காலணி இந்தப் பாறைக்கு மிக நன்றாகப் பிடிக்கும். தடித்த, கெட்டியான அடிப்பாகம் கொண்ட மலையேற்ற பூட்ஸ் இங்கே தேவையில்லை. சரிந்த வழுவழுப்பான கல்லில் அவை சில நேரம் வழுக்கவும் செய்யும். தேய்ந்த செருப்பில் போகவே கூடாது. இன்னொன்று: கோயில்களிலும் குகைகளிலும் காலணியைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து நாலு எட்டு வெறுங்காலோடு சுடும் பாறையில் நடக்க நேரும். அதற்காகக் கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

விளிம்பு அகன்ற தொப்பி அல்லது தலையில் கட்ட ஒரு துண்டு, முழுக்கை சட்டை, சின்ன டார்ச் விளக்கு. குகைச் சிற்பங்களைப் பார்க்க டார்ச் உதவும். சித்தன்னவாசல் ஓவியங்கள்மேல் மட்டும் அதை அடிக்காதீர்கள். கைபேசியில் இந்தப் பகுதியின் செயற்கைக்கோள் வரைபடத்தை முந்தின இரவே இறக்கி வைத்துவிடுங்கள். குன்றுகளுக்கு நடுவில் சமிக்ஞை வரும், போகும்.

தொடங்குமிடம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் பேருந்துகள் கீரனூர் வழியாகச் செல்கின்றன. அந்தச் சாலையில் சுமார் பதினேழு கிலோமீட்டரில் நார்த்தாமலைப் பிரிவு வரும். திருச்சியிலிருந்து வந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில். பிரிவில் இறங்கி மேற்கே ஊருக்குள் நடக்க வேண்டும். எல்லாப் பேருந்தும் பிரிவில் நிற்காது, ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் இரவு தங்கிவிட்டு முதல் பேருந்தையோ ஆட்டோவையோ பிடித்து வருவதே வசதி. மார்கழி, தை மாதங்களில் ஆறு மணிக்கு மேல்தான் நன்றாக வெளிச்சம் வரும். அந்த நேரத்துக்கு அடிவாரத்தில் இருந்தால் போதும்.

நார்த்தாமலை ஒரே மலை அல்ல. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையர்மலை, உவச்சமலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை என்று ஒன்பது குன்றுகள். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டுகள் இவை என்பது ஊரில் சொல்லும் கதை. அதனால்தான் இங்கே மூலிகை அதிகம் என்றும் சொல்வார்கள். ஒரே பகலில் ஒன்பதையும் ஏற நினைக்காதீர்கள். மேலமலை ஒன்று போதும். நேரமும் தெம்பும் இருந்தால் கடம்பர்மலை அடிவாரம்.

ஊருக்குள் வந்ததும் மேலமலைக்கு வழி கேளுங்கள். அங்குள்ள கோயிலின் பெயரைச் சொல்லி, விஜயாலய சோழீசுவரம் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். மேலமலைச் சிவன் கோயில், சமணர் குடகு என்றால் உடனே கைகாட்டுவார்கள். வயதானவர்களை ஐயா, ஆத்தா என்று அழைத்துக் கேளுங்கள். வழி சொல்வதோடு நின்றுவிடாமல், இன்றைக்குக் காவலர் வந்திருக்கிறாரா, தேனீக்கூடு எங்கே கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றும் சொல்வார்கள். எந்த வரைபடத்திலும் இது கிடைக்காது.

பாறையில் நடக்கும் விதம்

மேலமலை ஏற்றம் செங்குத்தானது அல்ல. வழியில் வரும் குளத்தைத் தாண்டியதும் மண்தடம் முடிந்து பாறை தொடங்கும். பிறகு கோயில்வரை அகன்ற, சாய்ந்த கருங்கல் பரப்பு. நிதானமாக நடந்தால் அரை மணிக்குள் மேலே வந்துவிடலாம்.

இந்தப் பாறைகள் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிபவை. கெட்டியாகத் தெரியும் ஒரு பலகை அடியில் பிரிந்து கிடக்கலாம். கால் வைத்ததும் ‘டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்டால் அதன்மேல் எடையைப் போடாமல் விலகுங்கள். அதேபோல, மழைநீர் வழிந்தோடிய இடங்களில் கறுப்புப் பட்டைகள் இறங்கியிருக்கும். அது காய்ந்த பாசி. காய்ந்திருக்கும்போது பிடிக்கும். பனி விழுந்த காலையில் சோப்புத் தடவியதுபோல் ஆகிவிடும். விடியற்காலையில் அந்தப் பட்டைகளைத் தவிர்த்து, வெளிறிய சொரசொரப்பான பாறையில் மட்டும் நடக்க வேண்டும். பாறைமேல் பரவிக் கிடக்கும் பொடிக்கல்லும் அவ்வளவே ஆபத்தானது.

ஏறும்போது முன்காலால் தாவாமல் முழுப் பாதத்தையும் பாறையில் படியவையுங்கள். எவ்வளவு பரப்பு பாறையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. சரிவு கூடும் இடத்தில் நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாக ஏறுங்கள். விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பயத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்ப்போம், உடனே கால் முன்னே சறுக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்து, சின்னச் சின்ன எட்டாக இறங்க வேண்டும். தயக்கமான இடத்தில் உட்கார்ந்து நகர்வதில் வெட்கமே வேண்டாம். கையில் எதையும் வைத்திருக்காதீர்கள், கைபேசி உட்பட.

மேலமலையில்

மேலே வந்ததும் முதலில் கோயிலுக்கு ஓடாமல் எதிரே மேற்கில் இருக்கும் இரண்டு குகைகளைப் பாருங்கள். அவை கிழக்கு நோக்கியவை. காலை வெளிச்சம் நேரே அவற்றின்மேல் விழும், ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த ஒளி போய்விடும். பெரிய குகைக்குச் சமணர் குடகு என்று பெயர். முதலில் சமணருடையதாக இருந்து பின்னால் திருமால் கோயிலாக மாறியது. பதினெண்பூமி விண்ணகரம் என்பது அதன் பிற்காலப் பெயர். உள்ளே ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டும் ஏறத்தாழ ஒரே உருவம். மண்டபத்தின் அரையிருட்டில் அடுத்தடுத்து அவற்றைக் கடந்து நடப்பது, ஒரே ஒரு பெரிய சிலையின் முன்னால் நிற்பதைவிட ஆழமாகப் பதிகிறது.

சின்னக் குகை பழியிலீசுவரம். முத்தரையர் குடியைச் சேர்ந்த சாத்தன் பழியிலி குடைவித்தது. பல்லவன் நிருபதுங்கனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. பல்லவர் பெயரால் ஆண்டைக் கணக்கிட்டு, முத்தரையர் குடைவித்து, சோழன் பெயரில் எதிரே ஒரு கோயில்! தமிழக அரசியல் கைமாறிய ஒரு காலம் இருபது முப்பது எட்டு நடைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

விஜயாலய சோழீசுவரம் மேற்கு நோக்கியது. வெளிச்சுவர் சதுரம், கருவறை வட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய சுற்று. மேலே விமானத்தின் தலைப்பகுதியும் வட்டம். தமிழ்நாட்டில் இந்த அமைப்பு மிக அரிது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. சுற்றிலும் முன்பு எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன, இப்போது ஆறு நிற்கின்றன. விமானத்தின் மேல்தளங்களில் இருக்கும் ஆடல் உருவங்களைப் பொறுமையாகப் பாருங்கள். நாற்பது, ஐம்பது எட்டுப் பின்னே போய்ச் சரிவில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்காது. கருவறை பூட்டியிருந்தால் காவலரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுவர் ஏறக் கூடாது.

இங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் செலவிடுங்கள். பலரும் இருபது நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அப்படிச் செய்வது பெரிய இழப்பு. காலைச் சாப்பாட்டைக் கோயில் வளாகத்துக்கு வெளியே, பாறை நிழலில் முடித்துக்கொள்ளலாம். குரங்குகள் வந்தால் உணவைக் கையில் காட்டாமல் பைக்குள் வையுங்கள்.

எட்டரை மணிவாக்கில் இறங்கத் தொடங்குங்கள். கடம்பர்மலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடிவாரத்தில் முதலாம் இராசராசன் காலத்துச் சிவன் கோயிலும், பாறை முகத்திலேயே வெட்டிய பெரிய கல்வெட்டும் உள்ளன. அரை மணி நேரம் இருந்தால் போய்வரலாம். ஆளுருட்டிமலையில் சமணப் படுக்கைகள் உண்டு. அதற்குப் போனால் சித்தன்னவாசலுக்கு நேரம் இருக்காது. இன்னொரு நாளுக்கு விட்டுவிடுங்கள்.

நடுவழி

தென்மேற்கே நடக்க வேண்டும். காலை வெயில் உங்கள் இடப்பக்கம் விழும். இந்தப் பகுதியில் பாறை குறைவு, சமதரை. தைலமரக் காடுகள், சூரைப் புதர், கள்ளி, பனை, வேம்பு, வறண்ட வயல், சின்னச் சின்ன ஊர்கள். தைலமரம் நிழல் தருவதுபோல் தெரியும், தராது. ஓய்வெடுப்பதானால் ஊர் எல்லையில் ஆலோ புளியமரமோ பார்த்து உட்காருங்கள்.

இந்த மாவட்டத்தில் எப்போதும் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறுகூட மழையை நம்பியதுதான். ஆயிரக்கணக்கான கண்மாய்கள்தான் இந்த மண்ணைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. அவற்றின் கரைகளே இன்று உங்களுக்கு நடைபாதை. கரைமேல் நடந்தால் தூரப் பார்வையும் காற்றும் கிடைக்கும். கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் அதைக் கடக்காமல் சுற்றிப் போங்கள். முழங்கால் தண்ணீராகத் தெரிந்தாலும் அடியில் பாசி பிடித்த கல் இருக்கும்.

தனியார் தோட்டங்களுக்குள் குறுக்கே புகாதீர்கள். பழைய கல்குவாரிப் பள்ளங்கள் சில இடங்களில் இருக்கின்றன. பச்சைத் தண்ணீர் நின்று அழகாகத் தெரியும். ஓரம் நேர் செங்குத்து, ஆழம் கண்ணால் தெரியாது. அதன் விளிம்புக்குப் போகவே கூடாது, இறங்கிக் குளிப்பது இன்னும் மோசம். குவாரிகளில் மூழ்கிச் சாவது தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது.

பாம்புகள் பற்றிப் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் இங்கே உண்டு. பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள், சருகுமேல் உட்காராதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தேனீ அதைவிட அடிக்கடி வரும் ஆபத்து. பாறை முகட்டின் அடியில் பெருந்தேனீ தொங்கும் இடங்களில் சத்தம் போடாதீர்கள், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், கல் எறிகிறவர்களோடு சேரவே சேராதீர்கள்.

பத்தரை மணிக்குள் பாதி வழி வந்திருக்கவில்லை என்றாலோ, யாருக்காவது தலை சுற்றினாலோ நடையை அங்கேயே நிறுத்துங்கள். எந்த ஊரிலிருந்தும் ஒரு ஆட்டோ பிடித்து மீதித் தூரத்தைக் கடந்துவிடலாம். நடுவழியைக் காட்டிலும் முடியுமிடம்தான் முக்கியம். புதுக்கோட்டை–அன்னவாசல் சாலையை எட்டிவிட்டால் அதன்பின் வழி தவறாது.

சித்தன்னவாசல்

உச்சி வெயில் நேரத்தில் இங்கே வந்து சேர்வீர்கள். உடனே மலை ஏற வேண்டாம். கீழே பூங்கா இருக்கிறது. சாப்பிட்டு, கால் நீட்டிப் படுத்து, இரண்டு மணிவரை ஓய்வெடுங்கள். இது சோம்பல் அல்ல, திட்டத்தின் பகுதி. ஓவியங்கள் இருக்கும் அறிவர் கோயில் மேற்கு நோக்கியது. பிற்பகல் ஒளி உள்ளே போகும்போதுதான் அவை தெளிவாகத் தெரியும். காலையில் வருகிறவர்கள் இருட்டில் தேடுவதை நீங்கள் வெளிச்சத்தில் பார்ப்பீர்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. அறிவர் கோயில் சிறிய குடைவரை. முன்மண்டபம், உள்ளே கருவறை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தலையை நிமிர்த்தி முன்மண்டபக் கூரையைப் பாருங்கள். தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் ஆடல் மகளிர், அரசன், அரசி. பாறைமேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் நிறம். கூரை ஓவியத்தின் கோடுகள் புரிய ஐந்து நிமிடமாவது ஆகும். கண் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். கருவறை நடுவில் நின்று மெதுவாக ‘ம்’ என்று முனகினால் அறை முழுக்க அதிர்ந்து திரும்பும்.

இங்குள்ள ஓவியங்களை எழுத்தில் முதலில் பதிவுசெய்தவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர், 1916-இல். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஆடு மேய்ப்பவர்களும் வழிப்போக்கர்களும் ஒதுங்கிய குகை இது. மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான். அதைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

மூன்றரை மணிக்குமேல் ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போங்கள். இதற்குக் குன்றின் மேற்குப் பக்கமாக ஏறி, முகட்டைக் கடந்து, கிழக்குச் சரிவில் பாறையை ஒட்டிய ஒடுங்கிய தடத்தில் நடக்க வேண்டும். வெட்டிய ஏழு படிக் குழிகளால் வந்த பெயர் இது. இப்போது கம்பித் தடுப்பு உள்ளது, அதைப் பிடித்தபடி போங்கள். ஏற்றத்தில் வெயில் இருக்கும். கிழக்கு நோக்கிய குகை பிற்பகலில் நிழலாகிவிடும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். உயரம் பார்த்தால் பயம் வருகிறவர்கள் முகட்டோடு திரும்பிவிடலாம். கட்டாயப்படுத்தி யாரையும் அழைத்துப்போகாதீர்கள்.

குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே தலையணையாக உயர்த்தியிருக்கிறார்கள். பெரிய படுக்கையருகே தமிழ் பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. எருமி நாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்காக இளயர் என்பவர் செய்வித்த இருக்கை என்பது அதன் செய்தி. மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டு பிந்திய எழுத்தில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் முதலிய துறவியரின் பெயர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த ஒடுங்கிய தடத்தில் நடந்து இங்கே வந்து தவமிருந்தவர்களின் வருகைப் பதிவு இது. குன்றைச் சுற்றிய பொட்டலில் அதற்கும் முந்தைய பெருங்கற்காலப் புதைகுழிகளின் கல்வட்டங்கள் உள்ளன. குன்றில் நாவல் சுனை என்றொரு சுனையும் உண்டு. அதன் நீருக்கடியில் ஒரு சிறு குடைவரைக் கோயில் மூழ்கியிருக்கிறது.

பாறையில் எழுதலாமா

அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளைப் பட்டை தீட்டி வழி காட்டியிருக்கிறார்கள். அங்கே பென்சில்வேனியாப் பகுதியின் கற்கள் நடப்பவர்களிடையே பேர்போனவை. நம் ஊரிலும் அப்படிக் குறியிட்டால் என்ன என்று நல்லெண்ணத்தோடு சில நடைக்குழுக்கள் கேட்பதுண்டு. கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது என்று இன்னமும் முழுமையாகத் தெரியாது. நாம் பூசும் ஒரு பட்டையின் அடியில் ஒரு கல்வெட்டு மறைந்துபோகலாம். காதலர் பெயரைக் கீறுவதும் கட்சிப் பெயரை எழுதுவதும் ஏற்கெனவே போதிய சேதம் செய்துவிட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. வழிக்கு மனிதர்கள் இருக்கிறார்கள், கேட்டு நடப்போம். கீறுகிறவரைக் கண்டால் காவலரிடம் சொல்லுங்கள். கொண்டுபோன நெகிழிப் புட்டிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

திரும்புதல்

ஐந்து மணிக்குள் குன்றிலிருந்து இறங்கிவிட வேண்டும். முக்கியச் சாலைக்கு வந்தால் அன்னவாசல், இலுப்பூர் பக்கமிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்துகள் கிடைக்கும். புதுக்கோட்டையில் இறங்கியதும் சூடான பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிடலாம், இந்த ஊரின் தனிச் சுவை அது.

மறுநாளும் நடக்கத் தெம்பு இருப்பவர்கள் குடுமியான்மலைக்கு நீட்டிக்கலாம். சித்தன்னவாசலிலிருந்து தென்மேற்கே ஒன்பது, பத்து கிலோமீட்டர். ஏழாம் நூற்றாண்டு கிரந்த எழுத்தில் இசைச் சுரங்களைப் பாறையில் வெட்டிய கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. இந்திய இசை வரலாற்றில் அதற்கு இணையாகச் சொல்ல வேறு சான்றுகள் குறைவு. சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்கு மட்டுமே அரை நாள் வேண்டும்.

தனியாகப் போக வேண்டாம். குறைந்தது மூன்று பேர். ஒருவர் விழுந்தால் ஒருவர் துணைக்கு இருக்க, இன்னொருவர் ஆள் அழைத்துவர வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நடுவழி நடத்த வேண்டாம், இரண்டு மலையையும் வண்டியில் போய்த் தனித்தனியே காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் விடியற்காலையில் மேலமலைக்குப் போங்கள்.